கதவில் விட்ட வட்டம்

கோபம் வந்தால்தான் அக்காவுக்கு நிறம் சரியாக வரும். மனம் குளிர்ந்திருக்கிற நாளில் கலக்கினால் எங்கேயோ ஒரு சொட்டு கூடிவிடும். அதனால் அவசர வேலை வந்தால் நான் காலையிலேயே அவரோடு ஒரு சண்டையைத் தொடக்கிவைத்துவிடுவேன். தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று சொன்னாலே போதும். அன்றைக்கு அவர் கலக்குகிற நிறத்தைக் காரில் அடித்தால், எந்த இடத்தில் அடித்தோம் என்பதைப் பிறகு நாங்களே தேடவேண்டியிருக்கும்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. திருகோணமலையில் டொக்யாட் வீதிப் பக்கம் ஒரு வளவை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம். ஒரு பாதியில் நான் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தேன். மற்றப் பாதியில் அவரும் அவருடைய புருஷனும் கார்களுக்குப் பெயின்ற் அடித்தார்கள். அடித்தவர் புருஷன், நிறம் கலக்கியவர் அக்கா. அந்த மனிதருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். தக்காளி பழுத்துவிட்டதா என்று விரலால் அமுக்கித்தான் கண்டுபிடிப்பார். ஆனால் கை தங்கம். அவர் அடித்த கதவில் முகம் பார்த்துச் சீப்பால் தலை இழுக்கலாம்.

அப்போது புதுக் கார் வாங்குவதென்பது கனவு. வெள்ளைக்காரர் விட்டுப்போன கார்களைத்தான் ஊர் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் முதன்முதல் அடித்த நிறத்தை மறுபடி கொண்டுவருவது லேசான வேலையில்லை. அந்தப் பெயின்ற் கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் கார் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்று வேறு முகமாகியிருக்கும். அக்கா முதலில் வெயில் படாத இடத்தைத் தேடுவார். கதவு றப்பருக்குக் கீழே, பின்பெட்டி மூடிக்கு உள்ளே என்று எங்கேயாவது பழைய நிறம் ஒளித்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துக் கலக்கி, இடது முழங்கையின் உட்பக்கத்தில் ஒவ்வொரு பொட்டாகத் தொட்டுவைத்து, காயவிட்டு, காலை வெயிலில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை பார்ப்பார். அந்தக் கையோடுதான் சந்தைக்கும் போவார், மாதா கோயில் பூசைக்கும் போவார்.

எங்கள் ஊர் மான்கள் கோட்டைக்குள்ளே மட்டும் நிற்பவை அல்ல. தெருவுக்கும் வரும், எங்கள் வளவுக்கும் வரும். ஒருநாள் ஒரு மான் வந்து, காயாத கதவில் முதுகை நன்றாக உரசிவிட்டுப் போனது. கதவு முழுக்க மயிர். வாயில்லாத சீவன், விடுங்கோ என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அந்த மானுக்கு ஒரு காது கிழிந்திருந்ததைப் பார்த்துவைத்துக்கொண்டார். மற்ற மான்கள் வந்தால் வாழைப்பழத் தோல் போடுவார். காது கிழிந்தது வந்தால் மட்டும் கல்லைப் பொறுக்குவார். அது கிழடாகி நொண்டத் தொடங்கிய பிறகும் பொறுக்கினார்.

மானுக்கே அந்தக் கதி என்றால் மனிதருக்குக் கேட்கவா வேண்டும். கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசியார் தன் காரின் கதவுக்கு நிறம் அடிக்கக் கொண்டுவந்தார். அக்கா கிட்டப் போய் நிறத்தைப் பார்த்ததும், அந்த ஆள் புருஷன் பக்கம் திரும்பி, "பொம்பிளைக்கு இஞ்ச என்ன வேலை? குசினிக்கு அனுப்பும்" என்றார். அக்கா குசினிக்குப் போனார். அங்கேயிருந்துதான் கலக்கிக் கொடுத்தார். பிரக்கிராசியார் பட்டப்பகலில் வந்து பார்த்தார். அச்சு அசல். திருப்தியாகக் கொண்டுபோனார்.

ஒரே நிறத்தை வேறு வேறு சாயங்களைக் கொண்டும் கலக்கலாம். ஒரு வெளிச்சத்தில் பொருந்தி நிற்பது இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து தெரியும். இது தெரியாமல் பெயின்ரர்கள் பிழை விடுவார்கள். அக்கா தெரிந்துகொண்டே விடுவார். பிரக்கிராசியார் மனைவியை ஏற்றிக்கொண்டு பின்நேரம் கடற்கரைக்குப் போகிற வழக்கமுள்ளவர். மஞ்சள் வெயில் விழுந்ததும் அந்த ஒரு கதவு மட்டும் கத்தரிக்காய் நிறமாகிவிடும். கடற்கரையில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். அவர் துள்ளிக்கொண்டு மத்தியானம் வந்து நின்றார்.

"எங்க பிழை எண்டு காட்டுங்கோ ஐயா" என்றார் அக்கா.

உச்சி வெயிலில் எங்கே காட்டுவது? "பொழுதுபடேக்க வந்து பாக்கவேணும்" என்று அவர் கத்தினார்.

"பொழுதுபடேக்க நான் குசினியில எல்லோ நிப்பன்" என்றார் அக்கா.

இவையெல்லாம் சிரிக்கிற கதைகள். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்க வருகிறது.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போக ஆயத்தமான காலம். துறைமுகக் களஞ்சியங்களில் கணக்கெடுத்தபோது, கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் நிறப் பெயின்ற் ஏராளமாகக் குறைந்திருந்தது. களஞ்சியத்துக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற ஒப்பந்தம், கொந்தராத்து என்போம், ஊரில் ஒரு பெரிய மனிதரின் கையில் இருந்தது. அக்காவின் புருஷனும் அப்போது அவருக்குக் கீழே கூலிக்குப் பெயின்ற் அடித்தார். விசாரணை என்றதும் கொந்தராத்துக்காரர் கையை நீட்டி இவரைக் காட்டினார். "பெயின்ற் களவுபோனா பெயின்ரர்தானே எடுத்திருப்பான்" என்றாராம். பொலிசார் இவரை ஜீப்பில் ஏற்றப் போக, "நடத்திக் கொண்டுபோங்கோ, நாலு பேர் பாக்கட்டும்" என்று சொன்னதும் அந்த ஆள்தான்.

பிரதான வீதியில் கடைகள் எல்லாம் திறந்திருந்தன. தலையில் ஒரு வெறும் பெயின்ற் வாளியைத் தூக்கவைத்து அவரை நடத்தினார்கள். அக்காவும் பக்கத்தில் நடந்தார். அழவில்லை, குனியவில்லை. ஒவ்வொரு கடை வாசலாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். வளவைக் கிண்டிப் பார்த்தும் ஒன்றும் அகப்படாததால் இரண்டொரு நாளில் அவரை விட்டுவிட்டார்கள். பிடித்ததைப் பார்த்த ஊர் விட்டதைப் பார்க்கவில்லை. இவர் கள்ளனில்லை என்று எவரும் வந்து சொல்லவுமில்லை.

அதற்குப் பிறகு அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. தெருவில் சின்னப் பொடியன்கள் "வாளி! வாளி!" என்று கத்துவார்கள். நல்ல வேலைகள் வேறு இடங்களுக்குப் போயின. சில வருஷம் இப்படி இழுபட்டுச் செத்துப்போனார். படுக்கையில் கிடந்தபோது என்னிடமே எத்தனை தரம் சொன்னார்: "அவன் ஒருக்கா வந்து, நான் எடுக்கேல்லை எண்டு சொன்னா, கேட்டுப்போட்டுப் போயிடுவன்." அந்த ஆள் வரவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று அக்கா என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"அந்தத் தெருவில நிண்டு அவன் சொல்லவேணும் தம்பி. சொல்லாமச் சாக விடமாட்டன்."

அன்றிலிருந்து பெயின்ற் அடிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. அக்கா கலக்கினார், நான் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் கொந்தராத்துக்காரர் முதல் வரிசை வாங்குப் பலகையில் இருப்பார். அதற்கு நேர் பின் வாங்கில் அக்கா. முன்னால் தெரிகிற பிடரியைப் பார்த்துக்கொண்டே பூசை முழுக்க இருப்பார். அந்த ஆள் அடிக்கடி கழுத்தைத் தடவிக்கொள்வதை நானே கண்டிருக்கிறேன். சுவாமியாருக்கும் இது தெரிந்து, பகைவரை மன்னிக்கச் சொல்லி ஒருநாள் புத்தி சொன்னார்.

"மன்னிக்கலாம் சுவாமி. ஆனா அவன் வந்து கேக்கவேணும் எல்லோ. நானே வீடு வழிய கொண்டுபோய்க் குடுக்கிறதே?" என்றார் அக்கா. சுவாமியார் பிறகு அந்தக் கதை எடுக்கவில்லை.

காலம் போனது. இறக்குமதி திறந்துவிட்டார்கள். நிலாவெளிக் கரையில் ஹோட்டல்கள் எழும்பின. கொந்தராத்துக்காரருக்கும் அங்கே ஒரு ஹோட்டல் கட்டுகிற ஆசை வந்தது. கூட்டுச் சேர ஒரு ஆளையும் பிடித்துவிட்டார். முன்பு இங்கே கடற்படையில் அதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை. மாற்றலாகிப் போகும்போது தன் மொறிஸ் மைனர் காரைக் கொந்தராத்துக்காரருக்கு விற்றுவிட்டுப் போனவர். இப்போது மனைவியோடு பார்க்க வருகிறார். நம்முடைய ஆள் பெருமைக்கு, உங்கள் கார் நீங்கள் விட்டுப்போன அதே நிறத்தில் நிற்கிறது என்று அளந்துவிட்டார். கார் உண்மையில் கறுப்பாக நின்றது. அதற்கு முதல் கருஞ்சிவப்பு. துரை விட்டுப்போனபோது அது ஒருவித மங்கல் பச்சை.

ஒரு காலையில் கொந்தராத்துக்காரர் எங்கள் வளவுக்குள் வந்து நின்றதைக் கண்டதும் என் கையிலிருந்த சுத்தியலில் பிடி தானாக இறுகியது. அக்கா அவருக்குக் கதிரை போடச் சொல்லவில்லை.

"பிள்ளை, பழசுகளை மனசில வைச்சிருக்காதேங்கோ" என்று தொடங்கினார். "அந்தப் பழைய பச்சை எனக்கு வேணும். துரையின்ர பெண்சாதி விரும்பி எடுத்த நிறமாம், அவவை ஏமாத்த ஏலாது. ரெண்டு இடத்தில குடுத்துப் பாத்திட்டன். ஒருத்தன் கலக்கினது கீரைக்கறி மாதிரிக் கிடக்கு. உங்களை விட்டா ஆளில்லை."

"செய்து தாறன். காரைக் கொண்டுவந்து விடுங்கோ" என்றார் அக்கா.

அவர் போனதும் நான் குதித்தேன். "அக்கா, உங்களுக்கு என்ன விசரே? உவன்ர காருக்கோ?"

"கார் இஞ்ச நிக்கட்டும் தம்பி. அது இஞ்ச நிண்டா அவன் வரத்தானே வேணும். வந்தா நான் கேக்கிறதுக்கு ஒரு வழி வரும்."

என்ன வழி என்று அவருக்கும் அப்போது தெரியாது. பழைய பச்சையைப் பார்ப்பதற்காகச் சாரதிப் பக்கக் கதவில் ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து, சவர்க்காரத் தண்ணீர் தொட்டு, உரைதாளால் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார். அப்படித் தேய்த்தால் பழைய பூச்சுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாகத் தெரியும், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல. வெளியே கறுப்பு. அதற்குள் கருஞ்சிவப்பு. நடுவிலே பச்சை வந்ததும் எனக்குக் கேட்கும்படி சொல்லுவார் என்று காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் நிலத்தில் குந்தியிருந்தார்.

"தம்பி, இஞ்ச வா. இது என்ன நிறம் எண்டு சொல்லு."

சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு சாம்பல் வளையம். நீலம் ஓடிய அந்தச் சாம்பல் எந்தக் கடையிலும் விற்றதில்லை. கப்பலுக்கென்றே வருவது. துறைமுகத்துப் பக்கம் வளர்ந்த எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

"களவு நடந்த நாளையிலதான் இந்தக் காரைச் சிவப்பாக்கினவன். மாதா பெருநாளுக்குக் கொண்டுவந்து கோயில் வாசலில விட்டவன். கொழும்பில அடிச்சது எண்டவன்" என்றார் அக்கா.

எல்லாம் வெளித்துவிட்டது. விற்றது போக மிஞ்சிய பெயின்ரைக் காசு மிச்சம் பிடிக்கச் சொந்தக் காருக்கே அடிப்பூச்சாக அடித்திருக்கிறார். மேலே சிவப்பு வந்தபின் யார் பார்க்கப் போகிறார்கள்? பெயின்ரர் ஒருவன்தான் பார்ப்பான். அந்தப் பெயின்ரரைத்தான் கள்ளனாக்கியாயிற்றே. அக்கா அன்றைக்குச் சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பொலிசுக்குப் போவோம் என்றேன். "பொலிசுக்கு அவன் கதை சொல்லுவான், காசும் காட்டுவான். தெருவுக்கு என்ன காட்டுவான்?" என்று கேட்டுவிட்டுச் சாயங்களை எடுத்து வைத்தார்.

அந்தப் பச்சையைப்போல அவர் ஒரு நிறத்தைக் கலக்கி நான் கண்டதில்லை. அந்த நாட்களில் நான் சண்டை பிடிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. முழங்கை முழுக்கப் பச்சைப் பொட்டுகள். ஒவ்வொன்றையும் மூன்று வெயிலிலும் பிடித்துப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றில் நின்றார். நான் கார் முழுவதையும் அடித்து முடித்தேன். கதவிலே அந்த வட்டத்தை மட்டும் மூடவிடவில்லை. சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குச் சுற்றியிருந்த சிவப்பைத் தேய்த்துச் சாம்பலைப் பெருப்பித்து, ஓரத்தை ஒழுங்காக்கி, மேலே வார்னிஷும் பூசி மினுக்கிவிட்டார். பச்சைக் கதவில் சாம்பல் வட்டம், பொட்டு வைத்ததுபோல நின்றது.

துரை வருகிற அன்று காலை கொந்தராத்துக்காரர் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சேட்டோடு வந்தார். காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சுற்றிக்கொண்டு வந்து சாரதிப் பக்கம் நின்றார்.

"இதென்ன, முடிக்கேல்லையோ?"

"வடிவாப் பாருங்கோ ஐயா. தெரிஞ்ச நிறம்தானே."

பார்த்தார். அந்த முகம் வெளிறியதை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

"துரை கடற்படை ஆள்" என்றார் அக்கா. "இந்தச் சாம்பலை அவருக்கு ஆரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. மிச்சப் பச்சை என்னட்ட இருக்கு. மூட ஒரு மணித்தியாலம் காணும். வெயிலுக்குக் காஞ்சிடும்."

"என்ன வேணும் பிள்ளை? கேளுங்கோ, தாறன்."

"என்ர மனுசன் களவெடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

"அவர் எடுக்கேல்லை. எனக்குத் தெரியும்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"இஞ்ச இல்லை. தெருவில."

அவர் கெஞ்சினார். தன் வயதைச் சொன்னார், தன் பேத்தியின் கலியாணத்தைச் சொன்னார். அக்கா பெயின்ற் போத்தலின் மூடியைத் திருகி இறுக்கினார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவர் வாசலை நோக்கி நடந்தார். அக்கா பக்கத்தில் நடந்தார். பின்னால் நான் காரை ஊரவிட்டுக்கொண்டு போனேன். வட்டம் கடைப்பக்கம் தெரியும்படியே ஓட்டினேன். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பிரதான வீதியில், சந்தைக்குக் கிட்ட, புடைவைக் கடைகளுக்கு முன்னால் அக்கா நின்றார். பெரிய மனிதர் நடந்து வருகிறாரே என்று ஏற்கெனவே ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கொந்தராத்துக்காரர் அக்காவின் புருஷனுடைய பெயரைச் சொல்லி, "அவர் பெயின்ற் களவெடுக்கேல்லை. நான் சொன்னது பொய்" என்றார். குரல் எழும்பவில்லை.

"கேக்கேல்லை" என்றார் அக்கா. அவர் திரும்பவும் சொன்னார். இம்முறை எல்லோருக்கும் கேட்டது.

இளசுகள் முழித்தார்கள். அவர்களுக்கு யார், எவர் என்றே தெரியாது. ஆனால் நானா என்று நாங்கள் கூப்பிடுகிற புடைவைக் கடை முஸ்லிம் முதலாளி பழைய ஆள். கிண்ணியாவிலிருந்து வந்து அந்த இடத்திலேயே நரைத்தவர். வாளியோடு போனவரை அதே வாசலில் நின்று பார்த்தவர். அவர் மெல்ல இறங்கி வந்து காரைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார், கொந்தராத்துக்காரரைப் பார்த்தார்.

"அப்ப எடுத்தது ஆரு?" என்று கேட்டார்.

யாருக்கும் பதில் தேவைப்படவில்லை. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அந்தச் சாம்பலில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அக்கா வாக்குத் தவறவில்லை. வளவுக்குத் திரும்பி வந்து வட்டத்தை மூடினோம். துரையின் மனைவி அந்தப் பின்நேரமே காரைத் தடவிப் பார்த்து, அதே நிறம் என்று கண் கலங்கினாராம். வட்டம் இருந்த இடம் எந்த வெளிச்சத்திலும் தெரியாது. ஆனாலும் அந்தக் கார் தெருவால் போனால் ஊர் முழுக்கச் சாரதிக் கதவைத்தான் பார்க்கும். கொந்தராத்துக்காரர் அதைக் கொட்டிலில் பூட்டிவைத்துவிட்டார்.

எனக்கு ஒரு பெருநாள் முடிந்த சந்தோஷம். அக்கா மண்ணெண்ணெய் தொட்டுக் கையிலிருந்த பச்சையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப மனம் ஆறியிருக்குமே அக்கா?"

"எங்க ஆறுறது" என்றார். "ஊர் கேட்டது. அவர் கேக்கேல்லையே தம்பி." சொல்லிவிட்டு அன்றுதான் அழுதார்.

ஒன்றிரண்டு வருஷத்தில் கொந்தராத்துக்காரர் செத்துப்போனார். உவர்மலையில் பெரிய வீடு, பெரிய செத்தவீடு. நான் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். அக்கா வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு வந்து, "வா" என்றார். நாங்கள் உள்ளே போனதும் சனம் விலகி வழிவிட்டது. சுவாமியாரின் முகத்தில் ஒரு பிரகாசம். மன்னிச்சிட்டா, பாருங்கோ, மன்னிச்சிட்டா என்று பெண்கள் குசுகுசுத்தார்கள்.

அக்கா பெட்டிக்குக் கிட்டப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு செபம் சொல்லுகிறவர்போல நன்றாகக் குனிந்து, செத்தவரின் காதுக்குள் வாயை வைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"இனி அவரைக் காணுவாய். அங்க போய் அவரிட்டச் சொல்லு. சத்தமாச் சொல்லு, கடைசியில அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."